ஆன்லைனில் பிஎச்.டி. படித்தால் செல்லுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: கம்ப்யூட்டர் சயின்ஸில் ஆன்லைன் பிஎச்.டி. வேலையை விடாமல், ஊரை விட்டுப் போகாமல், எங்கே நீட்டினாலும் செல்லுகிற ஒரு முனைவர் பட்டம் வேண்டும் என்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

நாமக்கல் வாசகி: தனியார் கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் உதவிப் பேராசிரியை. எம்.சி.ஏ., எம்.பில். முடித்திருக்கிறேன், இரண்டு குழந்தைகள். ஒரு ஏஜென்சி வாட்ஸ்அப்பில் பிரோஷர் அனுப்பியிருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம், முழுக்க ஆன்லைன், 18 மாதத்தில் பிஎச்.டி., நாலரை லட்சம் ரூபாய், தவணையில் கட்டலாம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் உண்டா என்று கேட்டதற்கு, "இது இன்டர்நேஷனல் அக்ரெடிடேஷன் மேடம், யுஜிசியைவிடப் பெரியது" என்கிறார்கள். சேரலாமா?

சேராதீர்கள்.

யுஜிசியைவிடப் பெரியதோ சிறியதோ, உங்கள் சம்பளத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிக்கப்போவது உங்கள் கல்லூரியும், அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகமும், நாளைக்கு அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் ஆசிரியர் தேர்வு வாரியமும்தான். இவர்கள் எல்லோரும் பார்ப்பது யுஜிசி விதியை. அந்த விதி, அதாவது 2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. ஒழுங்குமுறை, தொலைதூரக் கல்வி வழியாகவோ ஆன்லைன் வழியாகவோ பிஎச்.டி. நடத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. அதற்கு முந்தைய மாதம் யுஜிசியும், தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇயும் சேர்ந்து ஓர் எச்சரிக்கையும் விட்டன: எட்-டெக் கம்பெனிகள், அதாவது இணையவழிக் கல்வி நிறுவனங்கள், வெளிநாட்டு நிறுவனங்களோடு கைகோத்து விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.கள் அங்கீகாரம் இல்லாதவை, விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று. உங்களுக்கு வந்த பிரோஷர் அச்சு அசலாக அந்த வகை. போதாததற்கு, நம் விதிப்படி கோர்ஸ் வொர்க்கையும் (ஆராய்ச்சியோடு படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) சேர்த்துக் குறைந்தது மூன்று ஆண்டு ஆக வேண்டும். 18 மாதம் என்று சொல்லும் இடத்திலேயே போனை வைத்துவிடலாம்.

பிரோஷரை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அடியில் வரிசையாக நிற்கும் லோகோக்களைப் பார்த்தேன். யுனெஸ்கோ லோகோ இருக்கிறது. யுனெஸ்கோ எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 இருக்கிறது, அது ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைக்குக் கொடுக்கிற சான்று, பாத்திரக் கம்பெனியும் வாங்கலாம், அதற்கும் பட்டத்தின் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லை. "அப்போஸ்டில் செய்து தரப்படும்" என்பது இன்னும் சாமர்த்தியமான வரி. அப்போஸ்டில் என்றால், இந்தக் காகிதத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் அந்த நாட்டில் பதிவானவைதான் என்று சொல்வது மட்டுமே. பட்டம் செல்லும் என்று எந்த அரசும் அதில் உறுதி கொடுப்பதில்லை. நாலாவதாக ஏதோ ஒரு "குளோபல் அக்ரெடிடேஷன் கவுன்சில்". இந்த மாதிரி அமைப்புகளை யார் வேண்டுமானாலும் ஒரு வெப்சைட் போட்டு ஆரம்பித்துவிடலாம். கராச்சியில் இருந்த ஆக்சாக்ட் என்ற கம்பெனியைப் பற்றி 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் எழுதியது நினைவிருக்கும். நூற்றுக்கணக்கில் போலிப் பல்கலைக்கழக வெப்சைட்களை நடத்தியதோடு, அவற்றுக்குச் சான்று கொடுக்கிற போலி அங்கீகார அமைப்புகளையும் அவர்களே உருவாக்கி வைத்திருந்தார்கள். பரீட்சையும் இவர்களே, திருத்துவதும் இவர்களே.

சரி, உங்களுக்கு வழி என்ன? பகுதிநேர பிஎச்.டி. விதி அதை அனுமதிக்கிறது, அது ஆன்லைன் அல்ல, ஆனால் வேலையில் இருந்துகொண்டே செய்யலாம். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதம் தளர்வு உண்டு. கல்லூரியிலிருந்து என்.ஓ.சி. என்கிற ஆட்சேபணையில்லாக் கடிதம் வாங்க வேண்டும், அதில் ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும் என்றும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்காக விடுவிப்போம் என்றும் நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தில்தான் பல தனியார் கல்லூரிகள் இழுத்தடிக்கும், அதனால் முதலில் இதைப் பேசி முடியுங்கள், நுழைவுத் தேர்வெல்லாம் அப்புறம். கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். மொத்தம் ஆறு ஆண்டு வரை போகலாம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு, ஆக 10 ஆண்டு வரை இடம் இருக்கிறது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்கலாம் என்பதும் விதியிலேயே இருக்கிறது. உங்களுக்கு இது உதவும், ஆபீஸில் "அப்படி ஒன்றும் இல்லை" என்றால் விதியைக் காட்டிக் கேளுங்கள்.

உண்மையான சிரமம் கைடு கிடைப்பதில்தான். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நாலு பேருக்கும்தான் கைடாக இருக்க முடியும். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. அதனால் கைடிடம் பேசும்போது, கேட்கக் கூச்சமாக இருந்தாலும், ரிடையர்மென்ட் எப்போது, இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பேசுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டி.பி.எல்.பி. என்ற தளத்தில் அவர் பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸில் அவர் எழுதிய கட்டுரைகள் ஆண்டு வாரியாக வந்து நிற்கும். கடைசி நாலைந்து ஆண்டு காலியாக இருந்தால் யோசியுங்கள். அடுத்து ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே கிடக்கின்றன, கைடு பெயரை வைத்துத் தேடலாம். பல ஆய்வேடுகளின் விவரப் பக்கத்தில் பதிவு செய்த தேதி, முடித்த தேதி எல்லாம் இருக்கும். அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் வெளியே வந்தார்கள் என்பது அவரே சொல்லாமல் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு ஆய்வேடுகளைத் திறந்து படித்தும் பாருங்கள். முன்னுரையே இன்னொரு ஆய்வேட்டிலிருந்து தூக்கியதாக இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று. இந்தியப் பல்கலைக்கழகம், யுஜிசி பட்டியலில் பெயர் இருக்கிறது என்றாலே எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். ராஜஸ்தானில் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. விதிகளை மீறியதாகச் சொல்லி, 2025-26 முதல் ஐந்து ஆண்டுக்கு பிஎச்.டி. மாணவர்களையே சேர்க்கக் கூடாது என்று யுஜிசி தடை போட்டது. "நேரில் வரவே வேண்டாம், கட்டுரை, தீசிஸ் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று வட மாநிலத்திலிருந்து போன் வந்தால் அதுவும் வேண்டாம்.

டாலஸ் வாசகர்: எச்-1பி விசாவில் இருக்கிறேன், சாப்ட்வேர் ஆர்க்கிடெக்ட், வயது 41. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பிஎச்.டி. கம்ப்யூட்டர் சயின்ஸ் எது நல்லது? கிரீன் கார்டு வரிசையில் முன்னேற உதவுமா? பின்னால் சென்னைக்குத் திரும்பினால் கற்பிக்க முடியுமா?

மூன்று கேள்வி, மூன்றுக்கும் மூன்று விதமான பதில்.

அமெரிக்காவில் ஆன்லைன் முனைவர் பட்டம் சட்டப்படி உண்டு. ஆனால் அங்கே யுஜிசி மாதிரி ஒற்றை அமைப்பு கிடையாது. மத்தியக் கல்வித் துறை எந்தப் பல்கலைக்கழகத்தையும் நேரடியாக அங்கீகரிப்பதில்லை. அங்கீகாரம் கொடுக்கும் அமைப்புகளை அது அங்கீகரிக்கிறது. எச்.எல்.சி., மிடில் ஸ்டேட்ஸ், எஸ்.ஏ.சி.எஸ்.சி.ஓ.சி. போன்றவை அப்படிப்பட்டவை. 2020 வரை இவற்றை வட்டார அமைப்புகள் என்று தனியாகவும், டி.இ.ஏ.சி. போன்றவற்றைத் தேசிய அமைப்புகள் என்றும் பிரித்துச் சொல்வார்கள். கல்வித் துறை அந்தப் பிரிவினையைக் காகிதத்தில் எடுத்துவிட்டது, ஆனாலும் ஆளெடுக்கும் பல்கலைக்கழகங்கள் மனதில் அது இன்னும் இருக்கிறது, அதனால் பழைய வட்டார அமைப்பின் அங்கீகாரம் உள்ள இடமாகப் பார்ப்பதே நல்லது. பார்ப்பது சுலபம்: கல்வித் துறையின் டாபிப் என்ற தரவுத்தளத்திலோ சியா என்ற அமைப்பின் தளத்திலோ பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் வெப்சைட்டில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம் யாராவது "ஏபெட் அங்கீகாரம் பெற்ற பிஎச்.டி." என்றால் அது பொய், பொறியியல், கம்ப்யூட்டர் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பான ஏபெட் அசோசியேட், இளநிலை, முதுநிலைப் படிப்புகளோடு நின்றுவிடும், டாக்டரேட்டுக்கு வருவதே இல்லை.

பெயர்கள் கேட்டீர்கள். வேலை பார்ப்பவர்களுக்காக இணையம் வழி டாக்டரேட் நடத்துபவர்களில் புளோரிடாவின் நோவா சவுத்ஈஸ்டர்ன், தெற்கு டகோடாவின் டகோடா ஸ்டேட், மேரிலாந்தின் கேபிடல் டெக்னாலஜி ஆகியவை அடிக்கடி காதில் விழும். கொலராடோ டெக்னிகல் கொடுப்பது பிஎச்.டி. அல்ல, டாக்டர் ஆஃப் கம்ப்யூட்டர் சயின்ஸ். அது லாப நோக்கில் நடக்கும் நிறுவனமும்கூட. கென்டக்கியின் கம்பர்லேண்ட்ஸில் ஐ.டி. பிரிவில் பிஎச்.டி. இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் டாக்டர் ஆஃப் இன்ஜினியரிங் கொடுக்கின்றன. அது நீங்கள் பார்க்கிற வேலையில் உள்ள பிரச்சினையையே எடுத்துச் செய்கிற பட்டம். உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் எனக்கு இந்த வகைதான் பொருத்தமாகப் படுகிறது. 2014இல் ஜார்ஜியா டெக் ஆரம்பித்த புகழ்பெற்ற ஆன்லைன் படிப்பைச் சிலர் பிஎச்.டி. என்று நினைத்துக் கேட்கிறார்கள், அது எம்.எஸ். மட்டுமே.

எதில் சேர்ந்தாலும் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பேர் சொல்லும் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைகளில் முழுநேர பிஎச்.டி. மாணவர் பொதுவாகக் கட்டணம் கட்டுவதில்லை. அவருக்குக் கட்டணமும் தள்ளுபடி, மாதச் சம்பளம் மாதிரி உதவித்தொகையும் உண்டு. ஆன்லைனில் நீங்கள்தான் கைக்காசு போடுகிறீர்கள். பாடங்களுக்கான கட்டணத்தை எல்லோரும் கணக்குப் போடுவார்கள், ஆனால் பாடம் முடிந்தபிறகு ஆய்வேடு முடியும்வரை ஒவ்வொரு டேர்மும் தனியாகக் கட்ட வேண்டியது வரும், அங்கேதான் பலருக்கு மூச்சு வாங்குகிறது. ஆகவே சேர்க்கை ஆலோசகர் போனில் வரும்போது இவற்றைக் கேளுங்கள்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், சராசரி எத்தனை ஆண்டு, ஆய்வேட்டுக் கட்டத்தில் ஒரு டேர்முக்கு எவ்வளவு, நெறியாளரை நான் தேர்ந்தெடுக்கலாமா அல்லது நீங்களே ஒதுக்குவீர்களா, எத்தனை முறை கேம்பஸுக்கு வர வேண்டும். மழுப்பினால் அதுவே பதில். முடித்தவர்களின் ஆய்வேடுகளை புரோகுவெஸ்ட் என்ற ஆய்வேட்டுத் தரவுத்தளத்தில் தேடிப் படிக்கலாம். கம்பெனி கல்வி உதவி கொடுத்தால் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வருமான வரி கிடையாது, எச்.ஆரிடம் விசாரியுங்கள்.

கிரீன் கார்டு: பிஎச்.டி. வாங்கியதாலேயே வரிசை நகராது. வேலை வழிக் கிரீன் கார்டுப் பிரிவுகளில் இபி-2வுக்கு மாஸ்டர்ஸே போதும், அதற்கு மேலான இபி-1 கேட்பது பட்டத்தை அல்ல, நீங்கள் சாதித்ததற்கான சான்றுகளை. ஆராய்ச்சி நன்றாக வந்து நல்ல கட்டுரைகள் வெளியானால் அவை உதவலாம். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் சேர்வதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

சென்னை: வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலை கொடுப்பது பற்றி யுஜிசி 2025 ஏப்ரலில் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது, பிரான்சைஸ் முறையில், அதாவது பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறொரு நிறுவனம் நடத்தும் படிப்பில், வாங்கிய பட்டங்களை அது ஏற்பதில்லை. உள்நாட்டிலேயே ஆன்லைன் பிஎச்.டி. கூடாது என்று சொல்கிற அமைப்பு, வெளிநாட்டு ஆன்லைன் பிஎச்.டி.க்குச் சட்டென்று தலையாட்டும் என்று நம்பி அறுபதாயிரம் எழுபதாயிரம் டாலர் போட நான் சொல்ல மாட்டேன். திரும்பி வந்து கற்பிக்கும் ஆசை நிஜமானதாக இருந்தால், வந்தபிறகு இங்கே ஒரு நல்ல இடத்தில் பகுதிநேரமாகச் சேருங்கள். ஐஐடி மெட்ராஸில் வேலையில் இருப்பவர்களுக்கு எக்ஸ்டர்னல் பதிவு இருக்கிறது, பிட்ஸ் பிலானியிலும் பகுதிநேர வழி இருக்கிறது. வாசல் குறுகல், ஆனால் உள்ளே போய்விட்டால் பட்டத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கோவை வாசகர்: அமெரிக்க ஆன்லைன் பிஎச்.டி.யில் சேர்ந்தால் எப்-1 மாணவர் விசாவும், ஓபிடி என்கிற தற்காலிக வேலை அனுமதியும் கிடைக்கும் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். நிஜமா?

இல்லை. எப்-1 மாணவர் முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு டேர்முக்கு ஒரே ஓர் ஆன்லைன் பாடத்தைத்தான், அதாவது மூன்று கிரெடிட்டைத்தான், காட்ட முடியும். முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு, மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தையே தர மாட்டார்கள். கோவையில் உட்கார்ந்து படிக்கிற படிப்புக்கு விசா எதற்கு என்று அந்த கன்சல்டன்டையே கேட்டுப் பாருங்கள்.

வவுனியா வாசகர்: தனியார் உயர்கல்வி நிறுவனமொன்றில் விரிவுரையாளராக உள்ளேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகமொன்றில் கணினி விஞ்ஞானத்தில் இணையவழிக் கலாநிதிப் பட்டம் செய்ய விருப்பம். இலங்கையில் ஏற்றுக்கொள்வார்களா?

இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகக் கையேட்டிலோ இடம்பெற்றிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பெயர் இருப்பது முதல் படி மட்டுமே. நீங்கள் சேரப்போகும் கற்கைநெறியின் பெயர், இணையவழி என்ற விவரம் இரண்டையும் குறிப்பிட்டு, காசு கட்டுவதற்கு முன்பே ஆணைக்குழுவுக்கு எழுதிப் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் சொன்னதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

இங்கிலாந்துப் பக்கம் பார்த்தால், பட்டம் வழங்கும் அதிகாரம் சட்டப்படி சில நிறுவனங்களுக்கே உண்டு, அந்தப் பட்டியலை அரசே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ள சில பல்கலைக்கழகங்கள் தொலைவிலிருந்தே பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்ய விடுகின்றன, ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும், இறுதியில் வைவா (வாய்மொழித் தேர்வு) உண்டு. கொழும்பில் உள்ள ஒரு தரகு நிறுவனம் மூலம் போகாமல் மேற்பார்வையாளருக்கு நீங்களே நேராக எழுதுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவான யூ.சி.எஸ்.சி.யிலும் பகுதிநேர ஆராய்ச்சிப் பட்டம் பற்றி விசாரியுங்கள், பயணச் செலவைக் கணக்குப் பார்த்தாலும் பவுண்டில் கட்டுவதைவிடக் குறைவாகத்தான் வரும்.

கும்பகோணம் வாசகர்: வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 63. வேலைக்காக அல்ல, ஆசைக்காக. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளவும் ஆசைதான், மறைக்கவில்லை. இந்த வயதில் எந்தப் பட்டமானால் என்ன, ஆன்லைனில் வாங்கினால் என்ன தப்பு?

ஐயா, நீங்கள் மறைக்காமல் எழுதியதால் நானும் மறைக்கவில்லை. யாருக்கும் காட்டி வேலை வாங்கப்போவதில்லை என்பதால், வெளிநாட்டில் முறையான அங்கீகாரம் உள்ள இடத்தில் ஆன்லைனில் செய்தால் உங்களுக்கு நஷ்டம் பணம் மட்டும்தான். ஆனால் அவ்வளவு பணம் தேவையில்லை. யுஜிசி விதியில் வயது வரம்பு எதுவும் இல்லை, உங்களிடம் முதுகலைப் பட்டமும் மதிப்பெண்ணும் இருந்தால் பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகவே சேரலாம், என்.ஓ.சி. தொல்லைகூட உங்களுக்கு இல்லை. அதற்கு முன்னால் ஐஐடிகள் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் அல்காரிதம், மெஷின் லேர்னிங் பாடங்களை இலவசமாகவே ஒரு ஆறு மாதம் பாருங்கள். அசைன்மென்ட்டுகளை விடாமல் செய்ய முடிகிறதா, பிடித்திருக்கிறதா என்று தெரியும். தலைப்பு வேண்டுமானால், கும்பகோணத்துக்காரர் நீங்கள், கல்வெட்டு எழுத்தைக் கம்ப்யூட்டர் படிப்பது பற்றி யோசியுங்களேன், சுற்றுவட்டாரக் கோயில்களில் கல்வெட்டுக்கா பஞ்சம்.

நாற்பதாயிரம் கொடுத்தால் கௌரவ டாக்டர் பட்டம் என்று வருகிற அழைப்பிதழை மட்டும் கிழித்துப் போடுங்கள். 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்திலேயே ஒரு தனியார் அமைப்பு சினிமாப் பிரபலங்களுக்கு அப்படி விநியோகம் செய்து, பல்கலைக்கழகமே போலீஸுக்குப் போன கதை தெரியும்தானே.

மதுரை வாசகர்: இதெல்லாம் தெரியாமல் ஒரு எட்-டெக் கம்பெனி வழியாக ஆன்லைன் பிஎச்.டி.யில் சேர்ந்து முதல் தவணையும் கட்டிவிட்டேன். இனி கட்டாமல் விட்டுவிடலாமா?

அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். முதலில் உங்கள் மெயிலையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் தேடுங்கள். இவர்கள் "தவணை" என்று சொல்வது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் எடுத்த கடன். முழுத் தொகையும் அன்றைக்கே கம்பெனிக்குப் போயிருக்கும், மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து ஆட்டோ-டெபிட்டில் பிடிப்பது அந்தக் கடனுக்கு. வங்கியில் பணம் இல்லாமல் வைத்தால் சிபில் ஸ்கோர் (கடன் வாங்கும் தகுதிக்கான மதிப்பெண்) அடிவாங்கும், கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. கடன் எடுத்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் கூலிங்-ஆஃப் காலத்துக்குள் (மனம் மாறினால் விலகத் தரும் அவகாசம்) அசலையும் அதுவரையான வட்டியையும் கொடுத்து அபராதமில்லாமல் வெளியே வரலாம். அது தாண்டிவிட்டால், கம்பெனிக்கும் நிதி நிறுவனத்துக்கும் ஒரே நாளில் மெயில் போடுங்கள்: எந்த வாக்குறுதியை நம்பிச் சேர்ந்தீர்கள், யுஜிசி அறிவிப்பு என்ன சொல்கிறது, அட்மிஷனை ரத்து செய்து கடனை முடிக்க வேண்டும் என்று. அவர்கள் வாட்ஸ்அப்பில் "யுஜிசி அங்கீகாரம் உண்டு" என்று எழுதியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்தான் உங்கள் ஆயுதம், அழிப்பதற்குள் எடுத்து வையுங்கள். நிதி நிறுவனம் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கம்பெனி மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள், அது நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பதிவு எண்ணை மட்டும் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு இடத்திலும் முதலில் கேட்பது அதைத்தான்.